கம்பியில் தொங்கிய மெயில்

சர்தார் பாயின் அச்சகத்துக்குள் நுழைகிறவர்கள் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். வாசல் உயரமானதுதான். ஆனால் வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரு கம்பி ஓடும். அதில் துணி கிளிப் போட்டு புரூப் காகிதங்கள் தொங்கும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரே வரிசையில் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அச்சடிக்கக் கொடுத்தவர் வந்து, தன்னுடையதைத் தேடிப் படித்து, பிழை இருந்தால் திருத்தி, கீழே 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழாமல் இருசப்பன் மிஷினில் பிளேட்டை ஏற்ற மாட்டார். கலெக்டரே வந்து நின்றாலும் ஏற்ற மாட்டார்.

தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் அந்த அச்சகத்துக்கு நேர் எதிரே பை தைக்கிற கடை என்னுடையது. ஜிப் போனால் மாற்றித் தருவேன். மிச்ச நேரத்தில் எதிர்க்கடையைப் பார்ப்பேன். அதற்குக் கூலி கிடையாது, ஆனால் அலுப்பும் கிடையாது.

அந்த அச்சகம் ஒரு குடும்பம். சர்தார் பாய் முதலாளி. அவர் மனைவி ஜஹானாரா கவுண்டரில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பார், கார்டுக்குக் கவர் போடுவார், நடுவே எழுந்துபோய்ப் பின்கட்டில் சோறும் வடிப்பார். மகள் பிர்தௌஸ் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் பிள்ளையாருக்குத் தும்பிக்கை நேராக நின்றது. வெளியாள் இரண்டே பேர். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் மிஷின்மேன் இருசப்பன் ஒருவர். காகிதம் வெட்டுகிற, டெலிவரி போகிற மாறன் இன்னொருவன். மாறனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. செல்போன்தான் அவனுக்கு இரண்டாவது குழந்தை.

கம்பி விஷயத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு தடவை கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் முகூர்த்த நேரத்தைத் திருத்தி மெயில் அனுப்பியிருக்கிறார். அதை யாரும் பார்க்கவில்லை. பழைய நேரத்தோடு கார்டு அத்தனையும் அச்சாகி, அத்தனையும் ஜஹானாராவின் வெந்நீர் அடுப்புக்குப் போனது. அன்றைக்கு சர்தார் பாய் சொன்னார், "இனிமே மெயில்ல இன்னா வந்தாலும் சரி, மொதல்ல அடி, கம்பியில மாட்டு. அப்புறம் பேசு." இருசப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே மெயில் முகவரி அச்சகத்தின் முகவரிதான். கேஸ் புக்கிங் அதில்தான், கரண்ட் பில் அதில்தான், பிர்தௌஸின் காலேஜ் சமாச்சாரமும் அதில்தான். குடும்பத்துக்கு மட்டுமா? இருசப்பனின் பயிர்க் காப்பீடு, மாறனின் லைசென்ஸ் எல்லாமும் அதில்தான் வந்து விழும். புது முகவரி தொடங்கச் சொன்னால் "இருக்கறதே போதும், எதுக்கு ஜாஸ்தி" என்பார் பாய்.

மாசி வெயிலும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்து வந்த வருஷம் இது. பங்குனி முகூர்த்தத்துக்கான ஆர்டர்கள் வேறு குவிந்திருந்தன. ஒரு சனிக்கிழமை பிர்தௌஸ் வந்தவாசியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டரை இருசப்பன் திறந்தார். வந்திருந்த மெயில்களையெல்லாம் அடித்தார், வரிசையாக மாட்டினார், மிஷினுக்குப் போய்விட்டார்.

மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூப் பார்க்க கோதண்டராமன் வந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதம் என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விடமாட்டார். பஜ்ஜி சுற்றிய தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பவர். தன்னுடையதைப் படித்து முடித்துவிட்டுப் பக்கத்துத் தாளுக்குப் போனார்.

"பாய், நல்ல சேதி வச்சிக்கினு சொல்லாம இருக்கீங்களே."

"இன்னா சார்?"

"பிர்தௌஸுக்கு மெட்ராஸ்ல வேலை கெடைச்சிருக்குதே. புக்கு போடற கம்பெனி. பக்கம் வடிவமைக்கிற வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும்னு எழுதிக்கீறாங்க. அதுக்கு அடுத்த திங்கக்கிழமையே வந்து சேரணுமாம்."

பாய் கம்பிக்கு அடியில் வந்து நின்றார். ஒரு பக்கம் வளைகாப்பு, இன்னொரு பக்கம் கண்ணீர் அஞ்சலி, நடுவில் மகளுடைய வேலைக் கடிதம். இரண்டு தடவை படித்தார். பிறகு "சரி சார், உங்க புரூப் ஓகேவா?" என்று கேட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே மனசு என்னவோ செய்தது. மகள் ஊரைவிட்டுப் போவது அப்புறம். தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அந்த மனிதரை அடித்துப் போட்டது.

சாயங்காலம் பிர்தௌஸ் திரும்பி வந்து கம்பியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. பாய் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். இருசப்பன் மட்டும், "வந்த மெயிலு எல்லாம் அடிச்சு மாட்டிட்டேம்மா, ஒண்ணும் பாக்கி இல்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

மகளிடம் கேட்க முடியாததை பாய் திங்கட்கிழமை எல்லோருக்கும் சட்டமாகப் போட்டார். ஆபீஸில் இண்டர்நெட்டும் மெயிலும் எப்படி உபயோகிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, மிஷினை நிறுத்தச் சொல்லிப் படித்தார். வெயிலில் சந்தே அனல் அடித்தது. நோன்பு வயிறு, குரல் கம்மியாகத்தான் வந்தது.

"ஒண்ணு. வேலை நேரத்துல செல்போன் எல்லாம் இந்த அட்டைப் பெட்டியில இருக்கணும்."

"எனக்கு ஆவாது பாய்" என்றார் இருசப்பன்.

"ஏன்யா?"

"மூணு பேஸ் கரண்ட்டு எப்ப வருதுன்னு யாருக்குத் தெரியுது? வந்தா செல்லுக்கு மெசேஜ் வரும். நான் இங்கிருந்து நம்பரு அமுத்துனா அங்க கெணத்துல மோட்டாரு ஓடும். மல்லாட்டைச் செடியில கடலை பிடிக்கிற நேரம். தண்ணி நின்னா போச்சு."

"பக்கத்துக் கொல்லைக்காரன் கிட்ட சொல்லு."

"அவன் கிட்ட பேச்சு வார்த்தை இல்ல பாய்."

"அதெல்லாம் உன் பாடு. ரெண்டு. மிஷின் கிட்டயும் கட்டிங் கிட்டயும் நின்னுக்கினு வீடியோ பார்க்கக் கூடாது."

மாறன் தலையைச் சொறிந்தான். "வெட்டும்போது பார்க்கறதில்ல பாய். பிளேடு மேல போறப்ப மட்டும்தான்."

"இந்தச் சட்டம் முதலாளிக்கும் உண்டா?" என்று கேட்டார் ஜஹானாரா. கவர் போடுகிற கை நிற்கவில்லை.

"எனக்கு இன்னாத்துக்கு?"

"மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து, சத்தத்தை அமுத்திட்டு, ஆம்பூர்ல பிரியாணி தம் போடறதைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கீங்களே. நேத்து நாலு சட்டி பார்த்தீங்க. நோன்பு வச்ச மனுஷன் பார்க்கிற வீடியோவா அது?"

மாறன் அடக்க முடியாமல் சிரித்தான். பாய்க்கும் உதடு இழுத்தது. ஆனால் பிர்தௌஸ் இருந்த பக்கம் கண் போனதும் மறுபடியும் இறுகிக்கொண்டார்.

"மூணு. ஆபீஸ் மெயில்ல ஆபீஸ் விஷயம் மட்டும்தான். சொந்த விஷயம் கூடவே கூடாது."

அந்தச் சட்டம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஜஹானாராதான், "அப்ப கேஸ் சிலிண்டருக்கு?" என்றார்.

"அது... அது வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயம்னா சொந்த விஷயமா, ஆபீஸ் விஷயமா? சிலிண்டர் வரலைன்னா கஞ்சி கிடையாது. பார்த்துக்கங்க."

"நாலு" என்று குரலை உயர்த்தினார் பாய். "இங்கிருந்து வெளிய போற மெயில் எதுவா இருந்தாலும் மொதல்ல அடிக்கணும். கம்பியில மாட்டணும். நான் படிச்சு ஓகே போட்டுக் கையெழுத்து வச்ச பிறகுதான் அனுப்பணும். அவ்ளோதான்."

அது வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த பிர்தௌஸ் நிமிர்ந்தாள். "எதுவா இருந்தாலுமா அத்தா?"

"எதுவா இருந்தாலும்."

"நீங்க கையெழுத்து வச்சா அனுப்பிடலாமா?"

"கையெழுத்து வச்சா அனுப்பு" என்றார் பாய், அவளைப் பார்க்காமல்.

சட்டம் போடுவது சுலபம். அதைக் கட்டி மேய்ப்பதுதான் பேஜார். செவ்வாய்க்கிழமைக்குள் கம்பி தாங்காமல் தொய்ந்துவிட்டது. 'உங்கள் ஃபைல் கிடைத்தது, நன்றி' என்ற ஒற்றை வரிக்கு ஒரு தாள். 'புரூப் நாளை' என்பதற்கு ஒரு தாள். நாளைக்கு வரச் சொல்லும் மெயிலில் பாய் கையெழுத்துப் போடுவதற்குள் நாளையே வந்துவிட்டது. மாறன் தனக்கு அரை நாள் லீவு வேண்டும் என்று ஆபீஸ் மெயிலிலேயே ஆபீஸுக்கு எழுதி, அதை அடித்து மாட்டினான். பக்கத்திலேயே ஜஹானாரா சிலிண்டர் புக்கிங்கை மாட்டியிருந்தார். அதில் மட்டும் உடனே ஓகே விழுந்தது.

புதன்கிழமை மத்தியானம் அட்டைப் பெட்டிக்குள் இருசப்பனின் செல்லில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. இருசப்பன் மிஷினையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டத்தை மீற அந்த மனிதரால் முடியாது. வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால், கரண்ட் வந்து, இருந்து, போயே போய்விட்டிருந்தது.

"ஒரு நாள் தண்ணி போச்சு பாய்" என்றார்.

பாய்க்குச் சங்கடமாகிவிட்டது. "பெட்டியிலேர்ந்து உன் செல்லை மட்டும் எடுத்துக்க இருசப்பா. அது வீடியோ பார்க்கற செல்லு இல்ல, மோட்டார் சுவிட்சு."

"அப்ப சட்டம்?"

"சட்டத்துல எழுதிக்கறேன், போ."

பின்கட்டில் தாயும் மகளும் பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. ஜஹானாராவுக்கு மெதுவாகப் பேச வராது. அன்றைக்கு சாயங்காலம் கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டி, அவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தாம்மா இருந்தேன். எப்பப் பார்த்தாலும் பங்குனி முகூர்த்தம், பங்குனி முகூர்த்தம்னு ஓடிக்கினே இருக்காரு. கெடைக்குமோ கெடைக்காதோ, கெடைச்சா சொல்லிக்கலாம்னு விட்டேன். இருசப்பண்ணன் மாட்டிடுவார்னு யாருக்குத் தெரியும்?"

"போகணும்னுதான் ஆசையா?"

"ஆமாம்மா." தயக்கமே இல்லை குரலில். "பத்திரிகையை ஒரு தடவை பார்த்துட்டு பீரோ மேல போட்டுடறாங்க. நான் புக்கு பண்ணணும். முழுசா ஒரு புக்கு, மொத பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும்."

"அவரு வேணாம்னுட்டா?"

"வேணாம்னு வாயைத் திறந்து சொல்லட்டும். சண்டை போடறேன். ஒண்ணுமே சொல்லாம சட்டம் போட்டா நான் யார்கிட்ட சண்டை போடறது?"

"நீயும் ஒண்ணும் சொல்லாமதானேடி அப்ளிகேஷன் போட்ட. அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கே" என்று சொல்லிவிட்டு ஜஹானாரா பூண்டை இடிக்க ஆரம்பித்தார்.

அந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை கேட்டு வருகிறவர்களுக்கு எப்போதும் இரண்டு மாடல் காட்டுவார்கள். பாய் வைத்த வழக்கம்தான் அது. "ஒண்ணு காட்டுனா கஸ்டமர் குத்தம் கண்டுபிடிப்பான். ரெண்டு காட்டுனா ஒண்ணைத் தேர்ந்தெடுப்பான்" என்பார். வியாழக்கிழமை கடை கட்டும் நேரத்தில் பிர்தௌஸ் இரண்டு தாள்களை அடித்து, கம்பியின் நடுவில், பாய் உட்காரும் இடத்துக்கு நேராக மாட்டினாள். மூலையில் பென்சிலால் 'மாடல் 1', 'மாடல் 2' என்று எழுதியிருந்தாள். முதலாவது, வேலைக்கு வர சம்மதம், திங்கட்கிழமை சேருகிறேன் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிய பதில். இரண்டாவது, மன்னிக்கவும், வீட்டுச் சூழ்நிலையால் வர இயலாது என்ற பதில். இரண்டையும் சமமான அழகில் வடிவமைத்திருந்தாள். வேலை தெரிந்தவள்!

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் படித்தார்கள். இருசப்பன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மிஷினுக்குப் போனார். மாறன் படித்துவிட்டு முதல் தடவையாக செல்போனைத் தானாகவே பெட்டியில் போட்டான். பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்தார். கம்பிக்கு அடியில் போகும்போதெல்லாம் தேவைக்கு மேல் குனிந்து போனார். மத்தியானம் பிரியாணி வீடியோ பார்க்கவில்லை. வெயில் இறங்கி மலையின் நிழல் ஊருக்குள் வந்தது. கையெழுத்து மட்டும் விழவில்லை. பொழுது போனால் கெடுவும் போய்விடும். நான் ஒரு பையின் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

பின்கட்டிலிருந்து கஞ்சி வாசனை வந்தபோது பாய் எழுந்து கம்பியிடம் போனார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிர்தௌஸு."

அவள் கூண்டிலிருந்து வெளியே வந்தாள்.

"ரெண்டு மாடல் போட்டிருக்கியே, உனக்கு எது பிடிச்சிருக்குது?"

"கஸ்டமர்கிட்ட நாம அதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

"இப்ப கேட்கிறேன், சொல்லு."

"மொத மாடல், அத்தா."

பாய் காற்றில் ஆடிய அந்தத் தாளைப் பிடித்து நிறுத்தினார். "வேலைக்குப் போறது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஊர்ல இருக்கிறவன் கல்யாணம் கருமாதி எல்லாம் மொதல்ல எனக்குத்தான் தெரியும். எம் பொண்ணு விஷயம் கோதண்டராமன் சாரு படிச்சுச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

பிர்தௌஸின் கண் நிறைந்துவிட்டது. "தப்புதான் அத்தா. சொல்லியிருக்கணும். வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருப்பேன்" என்றார் பாய் நேர்மையாக. "ஒரு நாள் சொல்லியிருப்பேன். ரெண்டாம் நாள் உங்கம்மா என்னை விட்டிருக்க மாட்டா."

உள்ளேயிருந்து ஜஹானாரா, "ரெண்டாம் நாள் வரைக்கும் எதுக்கு?" என்றார்.

பாய் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் மாடலைக் கழற்றி மேஜை மேல் வைத்து, எல்லாப் புரூப்பையும் பார்ப்பதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் அடித்தார்.

"திங்கக்கிழமை வேணாம். ரம்ஜான் கழிச்சு வர்றேன்னு போடு. பெருநாள் அன்னிக்கு வீட்ல இருக்கணும் நீ. பங்குனி ஆர்டரும் முடிஞ்சிடும்."

"அவங்க திங்கக்கிழமைன்னு சொல்லியிருக்காங்களே அத்தா."

"கேட்டுப் பாரு. கஸ்டமர்கிட்ட நாம தேதி மாத்திக் கேட்டதே இல்லியா?"

"முடியாதுன்னுட்டா?"

"முடியாதுன்னா திங்கக்கிழமையே போ. நான் பஸ் ஏத்தி விடறேன்." அதைச் சொல்லிவிட்டு, கீழே பெரிதாக 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் 'அச்சிடலாம்' என்றும் எழுதிவிட்டார்.

பிர்தௌஸ் கூண்டுக்குள் ஓடினாள். பாய் சட்டத் தாளைக் கேட்டு வாங்கினார். மூன்றாவதையும் நாலாவதையும் அதே சிவப்புப் பேனாவால் அடித்தார். "இருசப்பா, இதைக் கேட்டுக்க. இனிமே சொந்த மெயில் வந்தா அடிக்கவும் வேணாம், மாட்டவும் வேணாம். யாருதோ அவங்களைக் கூப்பிட்டு, உனக்கு ஒரு மெயில் வந்துக்கீதுன்னு மட்டும் சொல்லு."

"சொந்த மெயில்னு எப்படித் தெரியும் பாய்?"

"பத்திரிகை, நோட்டீசு இல்லாத எல்லாமே சொந்தம்தான்யா."

"வீடியோ?" என்றான் மாறன்.

"அது இருக்குது. பிளேடு மேல போறப்பவும் பார்க்கக் கூடாது."

நோன்பு திறக்கிற நேரமாகிவிட்டது. வழக்கம்போல நானும் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போனேன். ஜஹானாராவின் கஞ்சிக்காகச் சந்தில் பாதிப் பேர் அந்த மாதத்தில் மதம் பார்ப்பதில்லை. காகிதக் கட்டுகளின் மேல் பலகையைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். திருத்திய புரூப்பில் கையெழுத்துப் போட வந்த கோதண்டராமனும் உட்கார்ந்துவிட்டார். பாங்கு சத்தம் கேட்டது. பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். வெந்தயமும் பூண்டும் மணக்கிற கஞ்சி வந்தது, கூடவே தட்டு நிறையப் பருப்பு வடை, அடுப்பிலிருந்து நேராக, எண்ணெய் சொட்டச் சொட்ட.

"அனுப்பிட்டேன் அத்தா" என்று சொல்லிக்கொண்டு பிர்தௌஸ் வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்" என்றார் பாய். ஒரு வடையை எடுத்தார். எண்ணெய் ஜாஸ்தியாக இருந்தது. டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். சுற்றும் முற்றும் பார்த்தார். அச்சகத்தில் காகிதத்துக்கா பஞ்சம்? ஆனால் எழுந்து போய், கம்பியில் தனியாக ஆடிக்கொண்டிருந்த இரண்டாவது மாடலை கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு வந்தார். நான்காக மடித்தார். வடையை நடுவில் வைத்து நன்றாக அமுக்கிப் பிழிந்தார். தாளைக் கீழே போட்டுவிட்டு வடையைக் கடித்தார்.

பிர்தௌஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோதண்டராமன் விடுவாரா? குனிந்து அந்த எண்ணெய்த் தாளை எடுத்துப் பிரித்து, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினார். "இது இன்னா பாய், 'வர இயலாது'ன்னு இருக்குதே?"

"அது கேன்சல் ஆன மாடல் சார்" என்றார் சர்தார் பாய். "வடை எடுத்துக்கங்க, ஆறிடப் போவுது."